வீட்டைச் செப்பனிடுவோர் தறியிலிருந்து தொடங்குக

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்' என்பது நம் முன்னோர் வாக்கு. கட்டிய வீட்டைச் செப்பனிட்டுப் பார் என்று எவரும் சொல்லி வைத்ததாகத் தெரியவில்லை. ஆயினும் நம் சங்கங்களின் அங்கத்தினர்களுள் பெரும்பாலோர் புது மனை வாங்கிப் புது வீடு எழுப்புவோர் அல்லர். பாட்டனார் கட்டிய ஓட்டு வீட்டையும், தந்தையார் அதனோடு ஒட்டிச் சேர்த்த தாழ்வாரத்தையும் தம் காலத்துக்கு ஏற்றவாறு திருத்திக்கொள்ள முனைவோரே மிகுதி. புது வீடு கட்டுவதினும் இது எளிது என்று பலர் எண்ணுகின்றனர். நாம் கண்ட அளவில் இது கடினமானது. புது வீட்டில் பிழை நேர்ந்தால் பணம் வீணாகும். குடியிருக்கும் வீட்டைத் திருத்துகையில் பிழை நேர்ந்தாலோ பணத்தோடு தொழிலும் வீணாகும்.

2019-20-இல் எடுக்கப்பட்ட நான்காம் அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு, நாட்டில் 31 இலட்சத்துக்கு மேற்பட்ட நெசவுக் குடும்பங்கள் உள்ளன எனக் கூறுகின்றது. இவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு வீடே தொழிற்கூடம். ஆலைத் தொழிலாளி வேலை முடிந்தபின் வீடு திரும்புகின்றார். நெசவாளரோ வீட்டிலேயே வேலைக்குச் சென்று, வீட்டிலேயே வேலையினின்று திரும்புகின்றார். ஆகவே அவர் வீட்டின் சௌகரியத்தை வேறு எவருடைய வீட்டையும் பார்த்து அளக்கலாகாது. நெசவாளர் வீட்டைச் செப்பனிடும் பணி வாயிற்படியிலிருந்து அன்று, தறியிலிருந்தே தொடங்குதல் வேண்டும். இக்கட்டுரையில் நாம் சொல்ல வந்தது இதுவே.

ஒரு பிழையும் அதில் நம் பங்கும்

இவ்வுண்மையை நாம் நூலில் கற்றோமில்லை. சில ஆண்டுகளுக்கு முன், ஒரு நெசவாளர் சங்கத்தைச் சேர்ந்த அங்கத்தினர் வீடு திருத்தக் கடன் கோரி விண்ணப்பம் அளித்தார். ஓட்டுக்கூரையை இறக்கிவிட்டுக் கான்கிரீட் தளம் போடுவதும், நீண்ட ஒரே கூடத்தை நடுவே சுவர் எழுப்பிக் கூடம் என்றும் படுக்கையறை என்றும் பிரிப்பதும், முகப்பில் பளபளக்கும் ஓடு பதிப்பதும் அவர் திட்டம். மூத்த மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார். வருகிற சம்பந்திகள் வீட்டை மதிக்க வேண்டுமே என்ற கவலை அவருக்கு. அக்கவலையைக் குறைகூற நமக்கு உரிமை இல்லை.

நாம் நேரில் சென்று பார்த்தோம். பத்திரம் சரியாக இருந்தது. மனையளவு சரியாக இருந்தது. கொத்தனார் கொடுத்த மதிப்பீடும் நியாயமாக இருந்தது. 'வீடு உறுதிப்படும், கடனுக்குப் போதிய ஈடு உண்டு' என்று குறிப்பெழுதிக் கையொப்பமிட்டோம். தறி எங்கே நிற்கும் என்று கேட்க மறந்தோம்.

பதினைந்து மாதங்கள் கழித்து, தவணை தவறியோர் பட்டியலில் அவர் பெயரைக் கண்டு மறுபடியும் சென்றோம். முகப்பு அழகாகவே இருந்தது. உள்ளே தறி இல்லை. அவருடையது பாவைக் கூடத்தின் நீளத்துக்கு நீட்டி, எதிர்க்கோடியில் கயிற்றால் இழுத்துக் கட்டி நெய்யும் பழந்தறி. நடுவே எழுந்த சுவர் அந்த நீளத்தை இரண்டாக வெட்டிவிட்டது. பழைய கூரையின் முகட்டுக்குக் கீழே தறியின் மேல் அமர்ந்திருந்த ஜக்கார்டுப் பெட்டிக்குப் புதிய தளத்தின் கீழ் உயரம் போதவில்லை. இரண்டு மாதத்துக்கென்று கழற்றி வைத்த தறி திரும்ப ஏறவே இல்லை. அவர் மற்றொருவர் வீட்டுத் தறியில் கூலிக்கு நெய்துகொண்டிருந்தார்.

"வீடு நல்லாத்தான் இருக்குங்க ஐயா, நான்தான் வீட்டுல இல்லை" என்றார் அவர். அவர் நம்மைக் குறைகூறவில்லை. குறைகூறியிருந்தால் மனம் சற்று இலேசாகியிருக்கும்.

பின்னர் சங்க நிர்வாகக் குழுவினர் கூடிப் பேசித் தவணையை நீட்டித்தனர். புழக்கடையில் ஒரு சாய்வுக் கூரைத் தறிக்கொட்டகை போடப்பட்டது. தறி மீண்டும் ஓடுகின்றது. ஆனால் ஒரு செலவில் முடிந்திருக்க வேண்டியது இரு செலவாயிற்று. அந்த இரண்டாம் செலவில் நம் கையொப்பத்துக்கும் பங்குண்டு என்பதை நாம் மறைக்க விரும்பவில்லை.

வீடும் தறிக்கூடமும்

வீட்டையும் தறிக்கூடத்தையும் ஒன்றாகவே கருத வேண்டும் என்பது புதிய கொள்கையும் அன்று. 1953-இல் மத்திய சட்டத்தின் வழியே ஆலைத்துணியின் மீது கெஜத்துக்கு மூன்று பைசாக்கள் அல்ல, மூன்று 'பை' வீதம் தீர்வை விதிக்கப்பட்டது. ஒரு 'பை' என்பது பழைய அணாவில் பன்னிரண்டில் ஒரு பங்கு. அவ்வாறு திரண்ட நிதி கைத்தறியின் அபிவிருத்திக்குப் பயன்பட்டது. நெசவாளர் குடியிருப்புகளும் அதன் துணையால் எழுந்தன. பின்னர் 1985-86-இல் மத்திய அரசு வகுத்த திட்டத்தின் பெயரே 'தொழிற்கூடத்துடன் கூடிய வீடு' என்பதாகும். பெயரிலேயே தொழிற்கூடம் முன்னும் வீடு பின்னுமாக நிற்பதை அன்பர்கள் கவனிக்க வேண்டுகிறோம்.

முதலில் ஒரு நாள் கணக்கு

கொத்தனாரை அழைக்கும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அதற்குக் காசு செலவில்லை. மற்றொரு சங்கத்தைச் சேர்ந்த ஓர் அம்மையார் செய்ததைப் பார்த்து நாம் கற்றுக்கொண்டது அது.

அவர் தாமே தறியில் அமர்பவர். சுவரில் ஒரு ஜன்னல் திறக்க விரும்பினார். எங்கே திறப்பது என்பதில் கணவருக்கும் கொத்தனாருக்கும் கருத்து வேற்றுமை. அம்மையார் ஒரு நாள் முழுவதும் சாக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டார். காலை ஏழு மணிக்கும், பத்து மணிக்கும், பிற்பகல் இரண்டு மணிக்கும், மாலை ஐந்து மணிக்கும் வெயில் தரையில் எங்கே விழுகின்றது என்று கோடிட்டார். தார் சுற்றும் மாமியார் எந்நேரத்தில் எங்கே நகர்ந்து உட்காருகின்றார், பிள்ளைகள் எங்கே புத்தகம் விரிக்கின்றனர், தண்ணீர்க்குடம் எவ்வழியாகப் போகின்றது என்பனவற்றையும் குறித்தார். மாலையில் தரையைப் பார்த்தபோது எல்லாம் விளங்கிவிட்டது. மாமியார் நாள் முழுவதும் வெளிச்சத்தைத் துரத்திக்கொண்டு திண்ணைக்கும் கூடத்துக்குமாக ராட்டையைத் தூக்கி அலைந்தார். தண்ணீர்க்குடம் செல்லும் வழி பாவின் குறுக்கே போயிற்று. பிள்ளைகளுக்கென்று ஒரு மூலையும் இல்லை.

"ஜன்னல் ஒண்ணு கேட்டேனுங்க, கோடு போட்டுப் பார்த்தா வாசலையே மாத்தணும்னு தெரிஞ்சுது" என்றார் அவர். அடுக்களைக்குச் செல்லும் வாசலைச் சுவரின் மறுகோடிக்கு மாற்றினர். ராட்டை இருக்கும் இடத்தில் ஒரு ஜன்னல் திறந்தனர். பழைய வாசலை அடைத்த மாடத்தில் பிள்ளைகளின் புத்தகங்கள் ஏறின. மொத்தச் செலவு, அண்டை வீட்டார் முகப்பு ஓட்டுக்குச் செலவிட்டதில் பாதியும் ஆகவில்லை.

அங்கத்தினர் ஒவ்வொருவரும் இந்த ஒரு நாள் கணக்கை எடுத்த பின்னரே மதிப்பீடு கேட்க வேண்டும் என்பது நம் வேண்டுகோள். கோடைக்கு ஒரு நாள், மழைக்காலத்துக்கு ஒரு நாள் என இருமுறை எடுத்தால் இன்னும் நன்று. அப்போது ஒழுக்கும் ஓதமும் கூடக் கணக்கில் வந்துவிடும்.

வெளிச்சம்

நெசவாளருக்கு வெளிச்சம் கிடைக்க வேண்டிய இடம், துணி முடிந்து பாவு தொடங்கும் அந்த ஒரு விளிம்பு. அறை முழுவதும் ஒளிர்ந்தும் அவ்விளிம்பில் தம் தலை நிழலோ கை நிழலோ விழுமாயின் பயனில்லை. ஆதலின் நெய்பவரின் முதுகுக்குப் பின்னே ஜன்னல் வைப்பது தவறு. பக்கவாட்டில் வைப்பதே முறை. இரு பக்கமும் கிடைத்தால் மிக நன்று.

திசைகளுள் வடக்கே சிறந்தது. கிழக்கும் மேற்கும் தாழ்ந்த வெயிலைக் கண்ணுக்கு நேரே அனுப்பும். சாயமிட்ட நூலையும் வெளுக்கச் செய்யும். வடக்கு ஜன்னல் நாள் முழுவதும் ஒரே சீரான ஒளியைத் தரும். நம் நாட்டில் கோடையில் சில மாதங்கள் கதிரவன் உச்சியைக் கடந்து சற்று வடக்கே சென்றாலும், ஜன்னலுக்கு மேல் ஒரு சிறு சாய்ப்பு இருந்தால் வெயில் உள்ளே வாராது. ஓட்டு வீட்டினர்க்கு மற்றுமோர் எளிய வழி உண்டு. வடபுறச் சரிவில், தறிக்கு மேலாக, இரண்டு மூன்று ஓடுகளை எடுத்துவிட்டுக் கண்ணாடி ஓடுகளைப் பதிக்கலாம். ஒரு முற்பகலில் முடியும் வேலை இது. ஆண்டுக்கு இருமுறை அதனைத் துடைக்க மறத்தல் கூடாது.

இரவு வேலைக்கு ஒன்பது வாட் எல்.இ.டி. விளக்கு, பழைய அறுபது வாட் குண்டு விளக்கு அளித்த ஒளியை ஏறக்குறைய அளிக்கும். அதைக் கூடத்தின் நடுவில் அன்று, நெய்பவரின் தலைக்கு முன்புறமாகத் தொங்கவிடல் வேண்டும். தமிழ்நாட்டில் கைத்தறி நெசவாளர்களுக்கு இரு மாதங்களுக்கு 200 அலகாக இருந்த இலவச மின்சாரம் 2023-இல் 300 அலகாக உயர்த்தப்பட்டது. ஆகவே மின்கட்டணத்துக்கு அஞ்சி மங்கிய ஒளியில் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டுவதில்லை. ஆனால் பழைய மின்கம்பிகளைப் பரிசோதிக்க வேண்டும். தறிக்குழி ஈரமுள்ள இடம், காலோ வெறுங்கால். கசியும் மின்சாரத்தைத் தானே உணர்ந்து துண்டிக்கும் கருவியைப் பொருத்துவது உயிருக்கு ஈடான செலவு.

காற்றும் கூரையும்

இந்திய தரநிர்ணய நிறுவனம் 1970-இல் முதன்முதலாக வெளியிட்டுப் பின்னர் பலமுறை திருத்திய தேசியக் கட்டட விதித்தொகுப்பில் ஒரு பயனுள்ள அளவு உண்டு. ஈரமும் வெப்பமும் மிக்க பகுதிகளில், கதவுகளை நீக்கி ஜன்னல் முதலிய திறப்புகளின் பரப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு இருத்தல் வேண்டும் என்பது அது. பன்னிரண்டு அடிக்குப் பத்தடி அறையாயின் தரை 120 சதுர அடி. திறப்பு 20 சதுர அடி வேண்டும். நான்கடிக்கு இரண்டரை அடி ஜன்னல் இரண்டு வைத்தால் கணக்கு நேராகும். அவ்விரண்டும் ஒரே சுவரில் இருந்தால் காற்று நுழையும், வெளியேறாது. எதிரெதிர்ச் சுவர்களில் வைக்க வேண்டும். சூடேறிய காற்று வெளியேறக் கூரையை ஒட்டி ஒரு சிறு துவாரமும் விட வேண்டும். ஆனால் காற்று பாவின் மேல் நேரே வீசினால் இழை விரைவில் உலர்ந்து அறும். ஆகவே தறிக்கு அருகிலுள்ள ஜன்னலுக்கு மேல் கீழாகப் பிரித்த இரட்டைக் கதவு அமைப்பது நலம். வேலை நேரத்தில் கீழ்க்கதவைச் சாத்தி, மேல்பாதியைத் திறந்து வைக்கலாம்.

கூரையைப் பற்றிய மயக்கமே நம்மவரிடம் மிகுதி. ஓடு என்றால் ஏழ்மை, கான்கிரீட் என்றால் மேன்மை என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. 1865-இல் மங்களூரில் பாசல் மிஷன் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து பரவிய மங்களூர் ஓடு, இன்றும் நெசவுக்கூடத்துக்கு ஏற்ற கூரையே ஆகும். அந்த மிஷன் ஓட்டுத் தொழிற்சாலையோடு நெசவுச்சாலையும் நடத்தியது என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. ஓடுகளின் இடுக்கு வழியே வெப்பக்காற்று வெளியேறும்; உடைந்த ஓட்டை மட்டும் மாற்றலாம்; முகட்டின் உயரம் ஜக்கார்டுக்கு இடந்தரும். கான்கிரீட் தளமோ பகலெல்லாம் குடித்த வெயிலை இரவெல்லாம் உமிழும்.

ஏற்கெனவே தளம் போட்டுவிட்டவர்கள் வருந்த வேண்டாம். மேற்பரப்பில் ஆண்டுதோறும் கோடைக்கு முன் வெண்சுண்ணாம்பு அடித்தால் வெயிலின் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். அறையின் சூடு உணரத்தக்க அளவு தணியும். வசதி உள்ளவர்கள் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து தளத்தின் மேல் இட்டு, அதன் மேல் தட்டோடு பதிக்கலாம். இனித்தான் தளம் போட வேண்டும் என்போர், கேரளத்தில் வாழ்ந்து 2007-இல் மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரப்பிய முறையைக் கொத்தனாரிடம் கேட்டறியலாம். தளத்தின் கீழ்ப்பகுதியில் கான்கிரீட்டின் வேலை சொற்பம். அவ்விடத்தில் கம்பிகளுக்கு இடையே பழைய மங்களூர் ஓடுகளைப் பொதித்துவிட்டால் சிமெண்டும் குறையும், சூடும் குறையும். செங்கல்லைக் குத்துவாட்டில் நிறுத்தி நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் 'எலிப்பொறிக் கட்டு'ச் சுவரும் அவர் பரப்பியதே. அதனால் செங்கல் செலவில் ஏறக்குறைய கால்பங்கு மிச்சமாவதுடன், வெற்றிடம் வெப்பத்தையும் தடுக்கும்.

ஆஸ்பெஸ்டாஸ் தகடு மலிவாகக் கிடைக்கின்றது என்பதற்காகத் தறிக்கொட்டகைக்கு அதைப் போடுவதை நாம் ஆதரிக்கவில்லை. வெப்பம் ஒருபுறம் இருக்க, அதனை அறுக்கும்போதும் துளையிடும்போதும் பறக்கும் நுண்ணிழை நுரையீரலுக்குப் பெருங்கேடு. பழைய தகட்டை எடுக்க நேர்ந்தால் உடைக்காமல், நீர் தெளித்து நனைத்து, முழுதாக இறக்குதல் வேண்டும்.

தறிக்குழியும் ஈரமும்

குழித்தறியின் சிறப்பே மண்ணின் ஈரம் பாவுக்கு எட்டுவதுதான். பருத்தி இழை சற்று ஈரமுற்றிருந்தால் வலுப்பெறும், உலர்ந்தால் அறும். ஆகவே குழியை மூடித் தரையெங்கும் பளிங்கு பதிப்பது, தறியின் மூச்சை அடைப்பதற்கு ஒப்பாகும். எனினும் ஈரம் வேறு, நீர் வேறு. 2015 நவம்பர், டிசம்பர் மாதங்களில் வடமாவட்டங்களைச் சூழ்ந்த வெள்ளத்தை எவரும் மறந்திரார். வடகிழக்குப் பருவமழையில் குழியில் நீர் ஊறி, வாரக்கணக்கில் தறி நிற்பதும் நாம் காணும் காட்சியே.

இதற்குப் பரிகாரம் குழிக்குள் இல்லை, வீட்டுக்கு வெளியே இருக்கின்றது. சுவரடியில் மூன்றடி அகலத்துக்கு வெளிப்புறம் சரிந்த தளம் அமைத்து, கூரைநீர் அதன்மேல் விழுந்து வாய்க்காலில் ஓடுமாறு செய்ய வேண்டும். பின்னர் குழியின் பக்கங்களுக்குச் செங்கல் கட்டி, அடியை மட்டும் மண்ணாக விட்டு மணல் பரப்பலாம். கோடையில் அம்மணலில் நீர் தெளித்தால் இழைக்கு வேண்டும் ஈரம் கிடைக்கும். தாழ்ந்த பகுதியில் வசிப்போர் தரையையே ஒன்றரை அல்லது இரண்டு அடி உயர்த்தி, எழுப்பிய மேடையில் குழி அமைத்தல் நன்று. நெய்பவர் அமரும் விளிம்பில் ஒரு மரப்பலகையும், அதன் பின்னே முதுகு சாய ஒரு திண்டும் அமைப்பது ஆடம்பரம் அன்று. நாளெல்லாம் குனிந்திருக்கும் இடுப்புக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன்.

பழைய மண்சுவரிலும் சுண்ணாம்புச் சுவரிலும் ஓதம் ஏறினால் உடனே சிமெண்டுக் காரை பூசுவது வழக்கமாகிவிட்டது. சிமெண்டு ஈரத்தை வெளியேற விடாது. அது சுவருக்குள்ளேயே மேலேறி உச்சியில் உதிரும். பழைய சுவருக்குச் சுண்ணாம்புக் காரையே இயல்பான உடை.

அடுக்களையும் பெண்டிர் உழைப்பும்

நெசவாளர் வீட்டில் பெண்களின் உழைப்பு இருமடங்கு. தார் சுற்றுவதும், இழை முடிவதும், சில வீடுகளில் தறியில் அமர்வதும் அவர்களே, அடுக்களையும் அவர்களுடையதே. ஆயினும் வீடு திருத்தும் மதிப்பீட்டில் அடுக்களை கடைசி வரியாக வருகின்றது. பணம் போதாதபோது முதலில் அடிபடுவதும் அவ்வரியே.

புகையைப் பொறுத்தவரை, அது கண்ணையும் நெஞ்சையும் மட்டும் கெடுப்பதன்று; பட்டையும் சரிகையையும் மங்கச் செய்யும். 2016-இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தாலும் அதற்கு முன்னரே வந்த எரிவாயுவாலும் அடுப்புப்புகை பெரிதும் குறைந்துள்ளது. ஆனால் வெந்நீருக்கும் கஞ்சி காய்ச்சுவதற்கும் விறகடுப்பு இன்னும் பல வீடுகளில் எரிகின்றது. அவ்வடுப்பைத் தறிக்கூடத்தை ஒட்டிய சுவரில் வைக்காமல், காற்று போகும் திசையில், புகைபோக்கியுடன் அமைக்க வேண்டும். புகைபோக்கியின் வாய் கூரைக்கு மேலே இரண்டடியேனும் உயர்ந்திருக்க வேண்டும். நின்று சமைக்கும் மேடையின் உயரத்தைக் கொத்தனாரின் வழக்கப்படி விட்டுவிடாமல், சமைப்பவரை நிற்கச் செய்து, அவர் முழங்கைக்குச் சற்றுக் கீழே அமையுமாறு அளவெடுக்க வேண்டும். சட்டைக்கு அளவெடுக்கும் நாம் மேடைக்கு அளவெடுக்கக் கூசுவானேன்?

பயிரிடும் அங்கத்தினர்க்கு

இவ்விதழைப் படிக்கும் விவசாய அன்பர்கள், தறி என்று நாம் சொன்ன இடத்தில் தானியம் என்று வைத்துக்கொள்ளலாம். விளைந்ததைக் காக்கும் அறையே அவர்கள் வீட்டின் உயிர்நிலை. நெல்லின் ஈரப்பதம் 14 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சையும் வண்டும் பெருகும். எனவே மூட்டைகளைச் சுவரில் சாயவிடாமல் ஓரடி தள்ளி, மரச்சட்டத்தின் மேல் அடுக்குமளவுக்கு அறையில் இடம் வேண்டும். மாட்டுக்கொட்டில் அடுக்களைக் காற்றின் எதிர்த்திசையில் இருக்கக்கூடாது. தரை சரிந்து, கழிவு எருக்குழிக்கு ஓட வேண்டும். பூச்சிமருந்தைப் பரணில் வைக்கும் வழக்கத்தை இன்றே நிறுத்த வேண்டும். வெளிச்சுவரில் பூட்டுள்ள ஒரு சிறு பெட்டகம் போதும். ஒரு பிள்ளையின் உயிர் அப்பூட்டில் அடங்கியிருக்கக் கூடும்.

கழிப்பறை இல்லாத வீட்டில் மற்ற எந்தத் திருத்தத்தையும் அதற்கு முன் தொடங்கலாகாது. இரட்டைக் குழி முறை நமக்குப் பொருத்தமானது. ஒரு குழி நிறைந்ததும் மற்றதற்குத் திருப்பிவிட்டு, நிறைந்ததை இரண்டாண்டு மூடி வைத்தால் அது உலர்ந்த எருவாகும். கிணற்றுக்கும் குழிக்கும் இடையே முப்பத்துமூன்று அடியேனும் இருக்க வேண்டும் என்பதை மறவாதிருக்க வேண்டும்.

வாடகை வீட்டில் வசிப்போர்

'எமக்குச் சொந்த வீடில்லையே' என்னும் அங்கத்தினரும் பலர். அவர்கள் சுவரை இடிக்க முடியாது; ஆயினும் விளக்கை நகர்த்தலாம், மரப்பலகை போடலாம், வீட்டுக்காரர் இசைவுடன் கண்ணாடி ஓடு பதிக்கலாம், தளத்துக்கு வெள்ளை அடிக்கலாம். இவ்வளவும் ஒரு வாரக் கூலிக்குள் அடங்குவன. போகும்போது எடுத்துச் செல்லத்தக்கனவும் இவற்றுள் உண்டு. பத்துப்பேர் சேர்ந்தால் சங்கத்தின் வழியாகப் பொதுத் தறிக்கூடம் கோரலாம்.

மதிப்பீட்டில் விடுபடும் வரி

இறுதியாகக் கடனைப் பற்றி ஒரு சொல். கொத்தனார் தரும் மதிப்பீட்டில் செங்கல் உண்டு, மணல் உண்டு, கூலி உண்டு. தறி நிற்கும் நாட்களின் இழப்பு இருப்பதில்லை. நாற்பது நாள் தறி நின்றால் நாற்பது நாள் கூலியும் அவ்வீட்டுச் செலவே அன்றோ? அதையும் எழுதிக் கூட்டிய பின்னரே கடன் எவ்வளவு என்பதை முடிவுசெய்ய வேண்டும். தறியிலுள்ள பாவை முடித்துக் கொடுத்துவிட்டு, மழை ஓய்ந்த தை மாதத்தில் வேலையைத் தொடங்கினால் இழப்பு குறையும். வேலையைப் பகுதி பகுதியாகப் பிரிக்க வேண்டும்: முதலில் வடிகாலும் கூரை ஒழுக்கும்; அடுத்துத் தறியிடமும் அடுக்களையும்; பிறகு உள்தரையும் பூச்சும்; எல்லாம் முடிந்து மிச்சமிருந்தால் முகப்பு. பணம் நடுவே தீர்ந்துவிட்டாலும், செய்து முடித்த மட்டில் பயன் இருக்கும். இவ்வரிசையைத் தலைகீழாக்கினோர் பலரின் கணக்கேடுகள் நம்மிடம் உள்ளன.

முன்னர்க் கூறிய பிழைக்குப் பின், நாம் பார்வையிடும் சங்கங்களில் ஒரு வழக்கத்தை வேண்டிப் பெற்றுள்ளோம். வீடு திருத்தக் கடன் விண்ணப்பத்துடன் ஒரு தாளில் வீட்டின் படம் இணைக்க வேண்டும். கோணல்மாணலாக இருப்பினும் தாழ்வில்லை. அதில் தறி இப்போது நிற்குமிடமும், வேலை முடிந்தபின் நிற்குமிடமும், வேலை நடக்கும் நாட்களில் நிற்குமிடமும் குறிக்கப்பட வேண்டும். அப்படத்தில் கணவனும் மனைவியும் இருவரும் கையொப்பமிட வேண்டும். சென்ற ஆண்டில் அவ்வாறு வந்த விண்ணப்பங்களுள் இரண்டைப் படத்தைக் கண்டவுடனே விண்ணப்பதாரர்களே திரும்பப் பெற்று, மாற்றி எழுதிக் கொடுத்தனர். ஒருவர் நடுச்சுவரை நீக்கினார். மற்றொருவர் முகப்பு ஓட்டை நீக்கி அடுக்களையைச் சேர்த்தார்.

உங்கள் சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவில் இவ்வழக்கத்தைத் தீர்மானமாகக் கொண்டுவருவதற்கு எந்தச் சட்டமும் தடையில்லை. ஒரு தாளும் ஒரு பென்சிலும் தவிர அதற்குச் செலவும் இல்லை. அங்கத்தினர்கள் ஆலோசிப்பார்களாக.